பழைய போர்ஷே 911: எஞ்சினை இறக்காமலே வால்வ் இடைவெளி சரிசெய்யலாம்

காற்றால் குளிரும் பழைய 911-இல் வால்வ் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவிலுள்ள இடுக்கு) பார்க்க எஞ்சினை இறக்க வேண்டியதே இல்லை. முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரங்களைக் கழற்றினால் கை நுழைய இடம் கிடைத்துவிடும்.

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் 0.10 மி.மீ.தான். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் கிராங்கை (எஞ்சினின் சுழல் தண்டு) திருப்புவது சுலபம். கிராங்க் புல்லியின் இசட்1 குறி (முதல் பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டுவது) நேராக வந்ததும் முதல் சிலிண்டரின் இரண்டு ராக்கர்களும் லேசாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் இன்னொரு முழுச் சுற்று. அப்புறம் 120 டிகிரி வீதம் திருப்பி, 1-6-2-4-3-5 என்ற சிலிண்டர் வரிசையில் போங்கள்.

பொறுமை வேண்டியது, இடைவெளியை வைக்கும் ஸ்க்ரூவைப் பூட்டும் லாக் நட்டில்தான். இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பி இடைவெளி மாறிவிடும். ஸ்க்ரூடிரைவரால் அதை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள், பிறகு ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) மறுபடி விட்டுப் பாருங்கள். லேசான பிடிப்போடு நகர்ந்தால் சரி. கீழே இருக்கும் எக்ஸாஸ்ட் பக்கம் கண்ணுக்குச் சரியாகப் படாது, அங்கே விரல்தான் சொல்ல வேண்டும். சந்தேகமாக இருந்தால் துளி தளர்வாகவே விடுங்கள்: தளர்ந்தது சத்தம் போடும், இறுகியது கருகிவிடும்.

வால்வ் மூடிகளைத் திரும்பப் பூட்டும்போது புது கேஸ்கெட் போடுங்கள், பழையது எண்ணெய் கசியவிடும்.