முடிவு வரும்வரை: மேற்படிப்புக்கு விண்ணப்பித்தவர்கள் காத்திருக்கும் மாதங்களில் தவிர்க்க வேண்டியவை

சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் கற்பிக்கும் நான், ஆண்டுதோறும் நவம்பரிலும் டிசம்பரிலும் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்குப் பரிந்துரைக் கடிதங்கள் எழுதுகிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் டிசம்பர் 1 அல்லது 15 கடைசி நாளாக இருக்கும். முடிவுகளோ ஜனவரி பிற்பகுதியில் தொடங்கி ஏப்ரல் நடுப்பகுதி வரை துண்டு துண்டாக வந்துகொண்டிருக்கும். இடைப்பட்ட அந்த மாதங்களில், நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் தங்களுக்குத் தாங்களே செய்துகொள்ளும் சேதத்தைப் பல ஆண்டுகளாகக் கண்டு வருந்தியிருக்கிறேன். அனுப்பிய விண்ணப்பத்தில் இனி மாறக்கூடியது அநேகமாக ஒன்றும் இல்லை. பணம், பத்திரம், பெயர், உள்ளூர் நுழைவுத் தேர்வு ஆகியவை மட்டும் இன்னும் முடியாமல் கிடக்கின்றன. முடிந்துபோனதையே திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பதும், முடிக்க வேண்டியதைத் தொடாமல் விடுவதும்தான் நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர்.

இரவு விழிப்பை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை 5 மணிக்கு ஓர் அலுவலர் அனுப்பும் மின்னஞ்சல், குளிர்காலத்தில் நமக்கு அதிகாலை 3.30 மணிக்கு வந்து சேரும்; மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு 2.30 மணிக்கு வரும். இந்தக் கணக்கு தெரிந்த மாணவர்கள் அந்த நேரத்துக்கே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஏற்காட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து படித்த என் மாணவி ஒருத்தி, வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காததால், ஜனவரிக் குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு சாலை வளைவு வரை நடந்து சென்று போனைப் பார்த்துவிட்டு வருவாள் என்பதை அவளுடைய தாயார் சொல்லித்தான் அறிந்தேன். மூன்று வாரம் இப்படிப் போனதில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இறுதிப் பருவச் செயல்திட்டத்தின் முதல் மதிப்பாய்வையும் தவறவிட்டாள். இரவில் வரும் கடிதம் காலை வரை அங்கேயே இருக்கும். எந்தப் பல்கலைக்கழகமும் இரண்டு மணி நேரத்துக்குள் பதில் கேட்பதில்லை. காலை 7 மணிக்கு ஒருமுறை பார்ப்பதே போதுமானது என்று அவளிடம் சொன்னேன். சில துறைகள் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் காணொளி நேர்காணலுக்கு அழைப்பதும், அந்த அழைப்புக்கு ஓரிரு நாளில் பதில் அனுப்ப வேண்டியிருப்பதும் உண்டு என்பதால், வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதாது. நாளுக்கு ஒருமுறை என்பதே சரியான அளவு.

அவளுடைய தந்தை ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக, அதாவது கணக்கெழுதுபவராக, இருந்தார். பழம் பறிப்பு ஓய்ந்த பின் மார்ச், ஏப்ரலில் பெய்து காப்பிச் செடிகளைப் பூக்கவைக்கும் பூமழைக்காகச் சேர்வராயன் மலைத் தோட்டங்கள் எல்லாம் காத்திருக்கும். அந்த இடைவெளியில் கவாத்து செய்வது, நிழல் மரங்களின் கிளைகளைக் கழிப்பது, பறிப்புக் கூலிக் கணக்கை முடிப்பது என்று அவருக்கு வேலை குவிந்து கிடந்தது. அந்தக் கணக்கு நோட்டை எடுத்து எழுதிக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் தனக்கு இரவில் தூக்கம் வந்தது என்று அவள் பின்னாளில் கூறினாள்.

மின்னஞ்சலை ஒரு நாளில் ஐம்பது முறை பார்ப்பவர்கள், விண்ணப்பப் போர்ட்டலுக்குள் நுழைந்து சரிபார்க்க வேண்டியதை ஒருமுறைகூடச் சரிபார்ப்பதில்லை என்பது எனக்கு ஒவ்வோர் ஆண்டும் வியப்பளிக்கிறது. கடைசித் தேதி கடந்த இரண்டு வாரத்துக்குள், மூன்று பரிந்துரைக் கடிதங்களும் வந்து சேர்ந்தனவா, மதிப்பெண் பட்டியல் ஏற்கப்பட்டதா, டோஃபல் அல்லது ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் மதிப்பெண் உங்கள் கோப்போடு இணைந்துவிட்டதா என்று பார்த்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முழுமையாகவும் மதிப்பெண் பட்டியலில் இனிஷியலாகவும் இருப்பது நம்மிடையே இயல்பு. அந்த வேறுபாட்டினாலேயே தேர்வு மதிப்பெண் ஒருபுறமும் கோப்பு ஒருபுறமுமாகத் தனித்து நின்றுவிடுவது உண்டு. கோப்பு முழுமையடையாமல் கிடந்தால், அதைப் படிக்காமலேயே ஒதுக்கிவிடக்கூடும். ஸ்பேம் பெட்டியையும் அன்றாடம் பார்க்கும் பழக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தவர் பெற்ற முடிவைக்கொண்டு தமக்கு வரப்போவதைக் கணக்கிடுவது இன்னும் ஆழமாகப் புண்படுத்தும் தவறு. வாட்ஸ்அப் குழுவில் ஒருவருக்கு இடம் கிடைத்த செய்தி வந்ததும், ‘அவனுக்குச் சராசரி மதிப்பெண் 8.4, எனக்கு 8.9, எனக்கு இன்னும் வரவில்லை என்றால் எனக்கு இல்லை’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். முனைவர் பட்டச் சேர்க்கையில் ஒரே துறைக்குள்ளும் ஆய்வுப் பிரிவு தோறும் இடங்கள் வேறுபடும். எந்தப் பேராசிரியரிடம் அந்த ஆண்டு ஆய்வு நிதி இருக்கிறது என்பதும் பல துறைகளில் முடிவைத் தீர்மானிக்கும். கடிதங்களைப் பல தவணைகளாக அனுப்புவதால், முதல் தவணையில் பெயர் இல்லாதது மறுப்பாகிவிடாது. 2025 பிப்ரவரியில் மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவனங்கள், ஆய்வு மானியங்களோடு கட்டடம், நிர்வாகம் போன்றவற்றுக்காகத் தரும் மறைமுகச் செலவுத் தொகைக்கு 15 விழுக்காடு என்று உச்சவரம்பு அறிவித்தபோது, அந்த வரம்பை நீதிமன்றம் தடுத்து வைத்த நிலையிலும், பல பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்டச் சேர்க்கையைக் குறைத்தன; சில நிறுத்திவைத்தன; கொடுத்த இடத்தைத் திரும்பப் பெற்ற பல்கலைக்கழகங்களும் இருந்தன. அந்த ஆண்டு மறுப்பைப் பெற்ற மாணவரின் தகுதிக்கும் அந்த முடிவுக்கும் தொடர்பே இல்லாமல் இருந்திருக்கலாம். எனவே, ஒருவருடைய மதிப்பெண்ணை அளவுகோலாக வைத்து இன்னொருவருடைய முடிவை யாராலும் ஊகிக்க முடியாது.

துறை அலுவலகத்துக்கு வாரந்தோறும் ‘என் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது?’ என்று எழுதுவதால் எந்தப் பயனும் இல்லை. ஒரு கட்டுரை ஆய்விதழில் ஏற்கப்பட்டிருந்தாலோ, முடிவு தெரிவிப்பதாக அவர்களே சொன்ன தேதி கடந்துவிட்டாலோ, வேறோர் இடத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் நெருங்கினாலோ, நான்கு வரியில் மரியாதையாக ஒருமுறை எழுதலாம்.

ஏப்ரல் 15 என்ற தேதியைப் பற்றி அரைகுறையாகக் கேள்விப்பட்டு அவசரப்படுவோர் பலர் என்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பட்டமேற்படிப்புக் கல்லூரிகளின் மன்றம் வகுத்திருக்கும் தீர்மானத்தில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், உதவித்தொகையோ ஆசிரிய உதவியாளர் பணியோ போன்ற நிதியுதவியோடு தரும் இடத்துக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. நிதியுதவி இல்லாத, முழுக் கட்டணம் செலுத்திப் படிக்கும் முதுநிலைப் படிப்புகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அவற்றில் முன்பணம் கட்டுவதற்குத் தனித் தேதி இருக்கும். அந்தப் பணம் பல இடங்களில் திரும்பக் கிடைக்காது. முதலில் வந்த கடிதத்தைக் கண்டதும், ‘இதை விட்டால் வேறு கிடைக்காது’ என்று ஏஜென்சிக்காரர் சொன்னதை நம்பி அன்றிரவே முன்பணம் கட்டிய குடும்பங்களை எனக்குத் தெரியும். சில ஏஜென்சிகளுக்குக் குறிப்பிட்ட கல்லூரிகளிடமிருந்து கமிஷன் கிடைக்கும் என்பதைப் பெற்றோர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை, திரும்பப் பெறும் விதி என்ன, பதில் சொல்லும் கெடுவை நீட்டித்துத் தருவார்களா ஆகிய இரண்டு கேள்விகள். அந்தக் கேள்விகளையும் ஏஜென்சி வழியாகக் கேட்காமல், மாணவரே பல்கலைக்கழகத்துக்கு நேராக எழுதிக் கேட்க வேண்டும்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு தவறு நடக்கிறது. போகப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்த பிறகும், கையில் நான்கு இடங்கள் இருக்கும் பெருமைக்காக ஏப்ரல் நடுப்பகுதி வரை அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் இன்னொரு மாணவருக்கு அந்த நான்கில் ஒன்று போய்ச் சேர வேண்டியது. இடத்தை விட்டுக்கொடுக்கும் கடிதத்தை முடிவெடுத்த அன்றே அனுப்பிவிடுங்கள். நீங்களும் எங்கோ ஒரு பட்டியலில் அப்படிக் காத்திருப்பவர்தான்.

வெளிநாட்டுக் கடிதத்தையே நம்பிக்கொண்டிருந்து, உள்ளூர்க் கெடுக்களைத் தவறவிடுவது ஓர் ஆண்டையே விழுங்கக்கூடிய தவறு. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் எம்.இ., எம்.டெக். படிப்புகளுக்கான சீட்டா-பிஜி தேர்வுக்கு, 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளிலும் விண்ணப்பப் பதிவு ஜனவரியில் தொடங்கிப் பிப்ரவரியில் முடிந்தது. அதாவது, வெளிநாட்டு முடிவுகளில் பெரும்பாலானவை வருவதற்கு முன்பே அந்தக் கதவு மூடிவிட்டது. எம்.டெக். சேர்க்கைக்கான தேசியத் தேர்வான கேட் தேர்வை எழுதியிருப்பவர்களுக்கு மார்ச்சில் முடிவு வருகிறது. அந்த மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும் என்பதால், இந்த ஆண்டு பயன்படாவிட்டாலும் அது வீண்போகாது. ஐஐடிகளின் எம்.டெக். இடங்கள் கோப் (COAP) என்ற பொது ஏற்புத் தளத்தில் சுற்றுச் சுற்றாக வரும்போது, ஏற்று உறுதிசெய்வது, வைத்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பது, மறுத்துவிட்டுக் காத்திருப்பது என்ற மூன்று வழிகளில் ஒன்றைக் கெடுவுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் வழிக்கும் இரண்டாம் வழிக்கும் உள்ள வேறுபாட்டைப் படிக்காமல் உறுதிசெய்துவிட்டுப் பிறகு வருந்தியவர்கள் உண்டு.

பணத்தைப் பற்றிய பேச்சைக் ‘கடிதம் வரட்டும், பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுவதுதான் என் அனுபவத்தில் மிகப் பெரிய தவறு. பொதுவாக, 7.5 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு அரசு வங்கிகள் சொத்து ஈடு கேட்கின்றன. நம் பக்கத்துக் குடும்பங்களில் ஈடாகக் காட்டக்கூடியது பெரும்பாலும் ஒரு வீடாகவோ கொஞ்சம் நிலமாகவோ இருக்கும். அதன் பத்திரம் தாத்தா பெயரில் இருக்கும், பட்டா மாறியிருக்காது, சித்தப்பாவும் அத்தையும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். வாரிசுச் சான்றிதழ், பட்டா பெயர் மாற்றம், வில்லங்கச் சான்றிதழ், மூலப்பத்திரம், வங்கி வழக்கறிஞரின் சட்டக் கருத்து, மதிப்பீட்டாளர் அறிக்கை ஆகிய இவை ஒவ்வொன்றும் தன் நேரத்தை எடுத்துக்கொள்ளும். ஏப்ரலில் இடம் உறுதியாகி, மே மாதம் வங்கிக்குப் போய், பட்டா மாற்றத்துக்காக ஜூலை வரை அலைந்து, விசா நேர்காணலுக்கான நிதி ஆவணம் தயாராகாமல் ஓர் ஆண்டை இழந்த மாணவரை நான் அறிவேன். அவருக்குக் கிடைத்த இடம் நல்ல இடம், காகிதம்தான் காலைவாரியது.

ஆகவே, ஜனவரியிலேயே பத்திரங்களை வெளியே எடுத்து, எது இருக்கிறது, எது இல்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பெறலாம். ஆனால் நிலத்தையோ நகையையோ விற்பது, வேலையிலிருந்து விலகல் கடிதம் கொடுப்பது போன்ற திரும்பப் பெற முடியாத எதையும் உறுதியான கடிதமும் விசாவும் கைக்கு வருமுன் செய்யாதீர்கள். 2025 மே இறுதியில் அமெரிக்கா புதிய மாணவர் விசா நேர்காணல்களுக்கு நேரம் ஒதுக்குவதை நிறுத்தி, ஜூன் நடுப்பகுதிக்கு மேல்தான் மீண்டும் தொடங்கியது. இடம் கிடைத்தவர்களே அந்தச் சில வாரங்களில் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தார்கள்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் வெறுமையாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்ற எழுத்துகள் அச்சாகும். பெயர் தெரியவில்லை என்பது அதன் பொருள். வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் என்று அங்கே போன பிறகும் அது தொடரும். திருத்த வேண்டுமானால் காத்திருக்கும் இந்த மாதங்களே தகுந்த காலம். விண்ணப்பத்தில் ஏற்கெனவே பழைய பெயரைக் கொடுத்திருந்தால், மாற்றத்தைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்க மறந்துவிடாதீர்கள்.

வீட்டாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு வந்த உறவினரெல்லாம் ‘என்னப்பா, லெட்டர் வந்துடுச்சா?’ என்று கேட்பது அன்பினால்தான். ஆனால் இருபதாவது முறை கேட்கும்போது அது பிள்ளையின் நெஞ்சில் கல்லாக இறங்குகிறது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்பு முடித்த பிள்ளை என்றால் அந்தக் கல்லின் கனம் இன்னும் அதிகம். ஏப்ரல் மாதத்துக்குப் பிறகு தாங்களே சொல்வதாக உறவினருக்கு அறிவித்துவிட்டு, அதற்குள் வரும் கேள்விகளுக்குத் தாயோ தந்தையோ பதில் சொல்லிக்கொள்வது நல்லது. மாணவர்கள் செய்யும் தவறு, வந்த மறுப்புகளை வீட்டில் மறைப்பது. மூன்று மறுப்புகளை ஒளித்து வைத்திருந்த ஒரு மாணவர், நான்காவது வந்த அன்று வகுப்புக்கு வராமல் விடுதி அறையில் கதவைச் சாத்திக்கொண்டார். நண்பர்கள் கதவைத் தட்டியதால் நல்லபடியாக முடிந்தது. உறக்கமும் பசியும் பல நாள் போய்விட்டால், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். அருகில் இருப்பவர்களும் அந்த எண்ணைக் குறித்து வைத்திருங்கள்.

கடைசியாக, உங்களுக்காகக் கடிதம் எழுதிய ஆசிரியர்களுக்கு முடிவைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். இடம் கிடைத்தவர்கள் இனிப்போடு வருகிறார்கள். கிடைக்காதவர்கள் எங்களைக் கண்டால் வேறு படிக்கட்டில் இறங்கிப் போகிறார்கள். எந்தெந்தத் துறைகள் மறுத்தன, எது நேர்காணல் வரை வந்தது என்று தெரிந்தால், எந்த ஆய்வுப் பிரிவுக்கு உங்களை இன்னும் பொருத்தமாக எழுதியிருக்கலாம் என்பதை நாங்களும் யோசிப்போம். மேற்படிப்புத் திறன் தேர்வான ஜிஆர்இ-யின் மதிப்பெண் ஐந்து ஆண்டுகளும் டோஃபல் மதிப்பெண் இரண்டு ஆண்டுகளும் செல்லும். பெரும்பாலானவர்களுக்கு அடுத்த டிசம்பரில் மறுபடி தேர்வெழுத வேண்டிய தேவை இருக்காது. கடிதத்தையும் நோக்க அறிக்கையையும் திருத்தினால் போதும். மே மாதத்தில் ஒருநாள் துறை அறைக்கு வாருங்கள். உங்கள் கோப்பு என் கணினியில்தான் இருக்கிறது.