கிராஸ்ஃபேடர் கரகரப்பு: என் அனுபவம்

சித்திரைத் திருவிழாப் புழுதியில் இரண்டு நாள் ஓடிய என் பழைய டிஜே மிக்ஸரில் கிராஸ்ஃபேடரை (ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற இடம் வலமாக இழுக்கும் பிடியை) தொட்டாலே கரகரவென்று சத்தம். பிடி நடுவில் வந்தால் இடது பக்க ஒலி செத்துவிடும். மைக் செட் அண்ணன், "துரு எடுக்குற ஸ்பிரேய அடிச்சு விடு தம்பி" என்றார். அதை மட்டும் செய்யாதீர்கள். உள்ளே இருப்பது கார்பன் தடம், பிடி உரசி ஓடும் மெல்லிய பூச்சு. ஸ்பிரேயின் எண்ணெய்ப் பிசுக்கு அதில் இருந்தால் புழுதி இன்னும் அப்பும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குமிழ்களை உருவி, மேல் தகட்டைக் கழற்றினேன். மதுரை டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, அழுத்தாமல் துடைத்தேன். பஞ்சு கருத்தது. காயவிட்டு 30 தடவை இழுத்துப் பார்த்தேன். கரகரப்பு போயிற்று, இடது பக்கம் மட்டும் வரவில்லை. மல்டிமீட்டர் வைத்ததில் ஃபேடரின் ஒரு காலில் ஈயம் விரிசல் விட்டிருந்தது. மறுபடி பற்றவைத்தேன், இரண்டு பக்கமும் பளிச்சென்று வந்தது. இழுக்கும் பிடிக்குப் பதில் திருகும் குமிழ் வைத்த, யூரே 1620 போன்ற மிக்ஸர்மேல் எனக்குத் தீராத ஆசை. ஆனாலும் இதை விற்கமாட்டேன்.