சூறைக்குருவிகள் அடையும் மரத்தைக் கண்டுபிடித்துப் பார்ப்பது எப்படி?

குளிர்காலச் சாயங்காலங்களில் கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் வானத்தில் கரும்புகை மாதிரி ஒரு பறவைக்கூட்டம் சுழன்று திரும்பினால், அது சூறைக்குருவியா என்று நின்று பாருங்கள். சோளக்குருவி என்றும் சொல்வார்கள். மத்திய ஆசியப் புல்வெளிகளில் மே, ஜூனில் குஞ்சு பொரித்து, வெட்டுக்கிளி ஊட்டி வளர்த்துவிட்டு நம் நாட்டுக்கு வருகிறவை. ஏப்ரல் வரை இருக்கும்.

1. அடையாளம். மைனா அளவுதான். பெரியவற்றுக்கு உடம்பு இளஞ்சிவப்பு. தலை, இறக்கை, வால் கறுப்பு. இளசுகள் மண் நிறம், அலகு மஞ்சள்.

2. மரம். இதைப் பகலிலேயே தேடி வைத்துக்கொள்ளுங்கள். மைனாக்கள் அடைகிற மரத்தில் இவையும் சேர்ந்துகொள்ளும், அதனால் பஸ் ஸ்டாண்டு, ஏரிக்கரை, பழைய அலுவலக வளாகம் என்று அடர்ந்த மரம் இருக்கிற இடமாகப் போய், தரையில் வெள்ளை எச்சம் கிடக்கிறதா பாருங்கள். இல்லையா, பக்கத்து டீக்கடையில், "அண்ணே, சாயங்காலம் குருவிங்க எந்த மரத்துல அடையுது?" என்று கேளுங்கள். எந்த மரத்தடியில் வண்டி நிறுத்தக்கூடாது என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

3. நேரம். ஜனவரியில் ஆறு மணி தாண்டியதும் சூரியன் மறைந்துவிடும். ஐந்துக்கே போய்விடுங்கள், ஏனென்றால் பலரும் இருட்டுகிற நேரத்தில் வந்து மரத்தை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள், அதற்கு முந்தைய அரைமணி நேரம்தான் பார்க்க வேண்டியது. மரத்தடியில் நிற்காமல், மேற்கு வானம் தெரிகிற மாதிரி கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், மொட்டைமாடி கிடைத்தால் இன்னும் நல்லது. கேழ்வரகு, சோளக் காடுகளிலிருந்து சின்னச் சின்னக் கூட்டமாக வந்து, முதலில் கரண்டு கம்பியிலும் செல்போன் டவரிலும் உட்காரும். எந்தத் திசையிலிருந்து வருகின்றன என்று குறித்துக்கொண்டால், மறுநாள் காலையில் அந்தப் பக்கம் போய் இரை தேடுகிற இடத்தையும் கண்டுபிடிக்கப் பார்க்கலாம்.

அப்புறம் மொத்தமாக எழும். வல்லூறு வந்தால் கூட்டம் சட்டென்று இறுகும், அதைத் தவறவிடாதீர்கள். இத்தனை பறவை பறந்தும் ஏன் மோதிக்கொள்வதில்லை? இதே குடும்பத்து ஐரோப்பியப் பறவைகளை ரோம் நகரத்தில் படம்பிடித்து ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள்: ஒவ்வொரு பறவையும் பக்கத்தில் இருக்கிற ஆறேழு பறவைகளை மட்டும் கவனித்துத் திரும்புகிறதாம். 2021இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜார்ஜோ பாரிசியும் அந்தக் குழுவில் இருந்தவர்.

4. எண்ணுவது. பத்துப் பறவையை எண்ணி, அது வானத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வைத்துக்கொண்டு, அதே அளவைப் பத்து மடங்காக்கி நூறு பறவை என்று வைத்து, கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போங்கள். துல்லியம் பழகப் பழக வரும். எண்ணிக்கையை, பறவை பார்ப்பவர்கள் குறிப்புகளைப் பதிகிற ஈபேர்டு இணையதளத்தில் பதிந்துவிடுங்கள்; 2015இலிருந்து ஜனவரிதோறும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் சேர்ந்துகொள்ளலாம்.

டார்ச் அடிக்காதீர்கள், கல் எறிய விடாதீர்கள். எச்சம் விழுகிறது என்று கிளையை வெட்டக் கிளம்புகிறவர்களிடம் ஏப்ரல் வரை பொறுக்கச் சொல்லிப் பாருங்கள், கேட்பவர்களும் இருக்கிறார்கள்.