மாத்திரையைக் கூட்டும் முன் ஸ்வெட்டரைக் கழற்றி பி.பி. பாருங்கள்

பிரஷர் மாத்திரையின் அளவைக் கூட்டும் பேச்சு வந்தால், அதற்கு முன் ஒரு வாரம் வீட்டிலேயே, ஸ்வெட்டர் இல்லாத வெறும் கையில், கதகதப்பான அறையில் பி.பி. பார்த்து எழுதி வையுங்கள். காலையில் சிறுநீர் கழித்த பின், டீக்கும் மாத்திரைக்கும் முன்பு, முதுகைச் சாய்த்து 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை மேசைமேல், கையில் சுற்றும் மிஷின் பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். 1 நிமிட இடைவெளியில் 2 முறை பாருங்கள். மாலையிலும் அப்படியே. முதல் நாளை விட்டுவிட்டு மற்ற நாட்களின் சராசரியை டாக்டரிடம் காட்டுங்கள்.

குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கி பி.பி. ஏறும். ஊட்டி, கோத்தகிரி பக்கம் மேடேறி வந்த கையோடு, கம்பளியின் மேலேயே பட்டையைச் சுற்றினாலும், கைச்சட்டையை இறுக்கிச் சுருட்டினாலும் எண் இன்னும் தப்பும். அதை நம்பி மாத்திரையைக் கூட்டினால் எழுந்து நிற்கும்போது தலைசுற்றும். தேயிலைச் சரிவில் நிற்பவருக்கு அது பெரிய ஆபத்து. வீட்டுச் சராசரி 135/85க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் இப்போதைய அளவே போதுமானதாக இருக்கும், முடிவு டாக்டருடையது. அந்த வாரம் மாத்திரையை நிறுத்தவே கூடாது.

நாடித்துடிப்பு சீரில்லாதவர்களுக்கு மிஷின் காட்டும் எண்ணை மட்டும் நம்ப முடியாது. 180/120ஐத் தாண்டி நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் தளர்வு, பேச்சுக் குழறல் எது வந்தாலும் குறிப்பெழுதிக் காத்திருக்காமல் உடனே 108க்கு அழையுங்கள்.