ஃபிளாஷ் ஃபெயில் ஆன இசியூவ மேல மேல கெடுக்காதீங்க

பேட்டரி வீக்கா இருக்கும்போது ஃபிளாஷ் பண்ணாத (அதாவது இசியூங்கிற இன்ஜின் கம்ப்யூட்டர்ல புது புரோகிராம எழுதாத), லேப்டாப் ஸ்லீப் போகாம பாத்துக்கன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க, அத நான் வேற சொல்லல. நான் சொல்றது அதுக்கடுத்த ஒரு மணி நேரத்தப் பத்தி. எழுதுறது பாதியில நின்னுடுச்சு, கிராங்க் ஆகுது ஸ்டார்ட் ஆகல, ஸ்கேனர் கனெக்ட் ஆகல, ஓனர் பக்கத்துலயே கையக் கட்டிட்டு நிக்கிறாரு. புதுசா டியூனிங்குக்கு வர்ற பசங்க வண்டிய நிஜமாவே கெடுக்கிறது அங்கதான். நம்ம ஊர்ல இன்னும் ஆசையா வச்சிருக்காங்களே பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 டர்போ, அதுல இருக்கிற பாஷ் எம்இ7.5 இசியூவ வச்சே சொல்றேன்.

நெட்ல கிடைச்ச டம்ப்ப முழுசா ஏத்துறது

டம்ப்னா வேற ஒரு இசியூல இருந்து மொத்தமா காப்பி எடுத்த ஃபைல். இதப் பாத்தா இன்னமும் எனக்கு கடுப்பாகுது. எம்இ7.5 உள்ள ரெண்டு மெமரி இருக்கு. ஒண்ணு 29எஃப்800, 1 எம்பி ஃபிளாஷ், புரோகிராமும் மேப்பும் (பெட்ரோல், ஸ்பார்க் கணக்கு டேபிள்) அதுல. இன்னொண்ணு எட்டுக் கால் வச்ச குட்டி ஈஈபிராம் சிப், 95040, மொத்தமே 512 பைட்தான், ஆனா அந்த வண்டியோட இம்மொபிலைசர் (சாவி மாறினா இன்ஜின ஓட விடாத திருட்டுத் தடுப்பு) டேட்டா, பின் கோடு எல்லாம் அதுக்குள்ளதான் உக்காந்திருக்கு. டியூனிங் ஃபைல் போறது ஃபிளாஷுக்கு மட்டும். அப்போ பாதியில நின்னா கெட்டதும் அது மட்டும்தானே, குட்டி சிப்ப யாருமே தொடலையே, அத ஏன்டா போய் நோண்டுறீங்க?

பூட் மோடுன்னு ஒண்ணு இருக்கு, இசியூவத் திறந்து சிப்புல நேரா படிக்க, எழுதுற வழி. போன மழைக்கு முன்னாடி ஈரோட்டுல இருந்து ஒரு தம்பி போன் பண்ணான். "அண்ணே, பூட் மோட்ல போட்டு ரெகவர் பண்ணிட்டேன், ஸ்டார்ட் ஆகுது, ஆனா ஒரு செகண்ட்ல நின்னுடுது."

"ஈஈபிராம்ல எழுதினியா?"

"அதே பார்ட் நம்பர் ஃபுல் டம்ப் கிடைச்சுதுண்ணே, ரெண்டையும் ஏத்திட்டேன்."

"பழசப் படிச்சு வச்சியா?"

சத்தமே இல்ல.

ஸ்டார்ட் ஆகி உடனே நின்னா அது இம்மொபிலைசர் வேலை. பார்ட் நம்பர் ஒண்ணா இருந்தா ஃபிளாஷ் ஒத்துப்போகலாம், ஆனா அந்த 512 பைட் யாரோ ஒருத்தர் வண்டியோடது, இந்த வண்டி மீட்டரும் சாவியும் அத ஒத்துக்காது. கடைசியில மீட்டர் கிளஸ்டரக் கழட்டி அதுல இருந்த மெமரியப் படிச்சு, பின் கோடு எடுத்து, திரும்ப ஜோடி சேர்க்க வேண்டியதாச்சு. கிளஸ்டரும் ஏற்கெனவே மாத்தின வண்டியா இருந்திருந்தா இன்னும் நாறியிருக்கும்.

பூட் மோட்ல கனெக்ட் ஆச்சுன்னா முதல் வேலை எழுதுறது இல்ல, 95040-ஐப் படிக்கிறது. ரெண்டு தடவ படிங்க, ரெண்டு ஃபைலும் ஒண்ணா இருக்கான்னு கம்பேர் பண்ணுங்க, வண்டி நம்பர் போட்டு சேவ் பண்ணுங்க, அப்புறமா ஃபிளாஷ மட்டும் எழுதுங்க.

ஃபெயில் ஆன உடனே சாவிய ஆஃப் பண்றது

பண்ணாதீங்க. பூட்லோடர் (புது புரோகிராம உள்ள வாங்குற குட்டி புரோகிராம்) அழியாம இருந்தா ஓபிடி (ஸ்கேனர் சொருகுற சாக்கெட்) வழியாவே திரும்ப ஏத்திடலாம், முதல்ல அதத்தான் ட்ரை பண்ணணும். இசியூ மூடிய நெம்புறது அதுக்கப்புறம்.

பின் 24-ஐத் தப்பா எண்றது

பூட் மோடுக்கு 29எஃப்800-ஓட 24-வது கால கிரவுண்ட் பண்ணிட்டே பவர் குடுக்கணும். சிப்ல புள்ளி இருக்கிற மூலைதான் 1, அங்கிருந்து கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமா எண்ணணும், 22 வரைக்கும் ஒரு பக்கம், 23 எதிர்ப்பக்க மூலை. அந்த 23 அஞ்சு வோல்ட் சப்ளை, 24 அதுக்கு ஒட்டுன கால், நடுவுல ஒண்ணேகால் மில்லிமீட்டர்தான் இடைவெளி. இதுல ஸ்க்ரூ டிரைவர் முனைய வச்சு அழுத்துறாங்க, வழுக்குனா சப்ளை நேரா ஷார்ட்டு. மெல்லிசான ஊசி புரோப் வாங்குங்க, பெஞ்ச் சப்ளைல கரண்ட் லிமிட்ட 1 ஆம்பியருக்கு வைங்க.

இன்னொண்ணு, 24 ஒரு டேட்டா லைன். பவர் குடுத்து ரெண்டு மூணு செகண்ட்ல எடுத்துடணும். எடுக்காமப் புடிச்சுட்டே இருந்தா படிக்கிறதெல்லாம் குப்பையாத்தான் வரும், உடனே "சிப் போச்சுண்ணே"ன்னு போட்டோ அனுப்புவாங்க.

செக்சம் (ஃபைல் சரியா இருக்கான்னு இசியூ கூட்டிப் பாக்குற நம்பர்) சரி பண்ணாம ஏத்துறது

ஏத்தாதீங்க.

மூடிய ஒட்டாம மாட்டுறது

இந்த வண்டியில இசியூ இருக்கிறது வைப்பருக்குக் கீழ, கண்ணாடில விழுற மழைத் தண்ணி வடியுற இடத்துல. கம்பெனியில பசை போட்டு மூடியிருக்காங்கன்னா சும்மாவா? சூடு பண்ணித் திறந்துட்டு நாலு ஸ்க்ரூவ மட்டும் மாட்டி அனுப்பிடுறாங்க, ஐப்பசி மழைக்கு வண்டி திரும்பி வருது, போர்டெல்லாம் பச்சை பூத்து. பழைய பசைய முழுசா சுரண்டி எடுத்துட்டு புது சீலன்ட் போடுங்க, ஆனா வினிகர் வாசனை வர்ற சாதா சிலிகான் வேண்டவே வேண்டாம், அது காயும்போது வர்ற ஆசிட் செம்ப அரிச்சிடும். நியூட்ரல் க்யூர்னு ட்யூப்லயே போட்டிருக்கும், கேட்டு வாங்குங்க. ராத்திரி முழுக்க காயட்டும், ஓனர் எத்தன தடவ போன் பண்ணாலும் சரி.