மேற்கையில் அடிபட்டால் மணிக்கட்டைக் கவனியுங்கள்

மழை நாளில் வேளச்சேரிப் பக்கம் இரு சக்கர வாகனம் சறுக்கி ஒருவர் விழுந்துவிட்டார், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே தாங்க முடியாத வலி என்றால், கையை அசைக்காமல் ஒன்று கேளுங்கள்: மணிக்கட்டை மேலே தூக்க முடிகிறதா, விரல்களை நீட்ட முடிகிறதா?

மேற்கை எலும்பின் பின்புறம், மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்த உதவும் ரேடியல் நரம்பு எலும்பை ஒட்டியே சாய்வாகச் சுற்றி இறங்குகிறது. எலும்பின் நடுப்பகுதி முறியும்போது அதுவும் அடிபடலாம், மணிக்கட்டு தொங்கிவிடும். பெரும்பாலும் அந்த நரம்பு தானாகவே மீண்டுவிடும் என்பது ஆறுதல். ஆனாலும் கட்டுப் போடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பாதிப்பு எப்போது வந்தது என்பது சிகிச்சைக்கு மிக முக்கியம்.

குழந்தைகள் கையை ஊன்றி விழுந்தால், முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு மெலிந்திருக்கும் இடத்தில்தான் அதிகம் முறிகிறது. அதன் முன்னால் முன்கைக்கான பெரிய தமனி ஓடுகிறது. விரல்கள் வெளுத்தாலோ சில்லிட்டாலோ உடனே 108-ஐ அழையுங்கள். முழங்கையை மடக்கியோ நிமிர்த்தியோ பார்க்க வேண்டாம்.

தோள் மூட்டின் கிண்ணம் ஆழமற்றது, அதனால் எளிதில் நழுவும். அதை இழுத்துப் பொருத்த முயலாதீர்கள். எண்ணெய் தேய்த்து நீவுவதும் கூடவே கூடாது, பாட்டி எவ்வளவு வற்புறுத்தினாலும்.

வீக்கம் ஏறுவதற்குள் வளையல், மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால், மருத்துவர் பார்க்கும்வரை சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள்.