விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸை அழிக்காமல் லினக்ஸ் பழக நினைப்பவர்களில் பலர், கணினிக்குள் இன்னொரு கணினியை (விர்ச்சுவல் மெஷின்) மென்பொருளாலேயே உருவாக்கும் விர்ச்சுவல்பாக்ஸை நிறுவி, அதற்குள் லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவை ஏற்றுகிறார்கள். நல்ல வழிதான். ஆனால் நாலு நாளில் ‘ரொம்ப மெதுவாக இருக்கிறது, லினக்ஸே இப்படித்தான் போல’ என்று மூடி வைப்பவர்களும் நிறைய. பெரும்பாலும் கோளாறு லினக்ஸில் இல்லை, செட்டிங்ஸில்தான் இருக்கிறது.

முதலில், கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை செட்டிங்ஸ் திரையான பயாஸைப் பார்க்க வேண்டும். இன்டெல் செயலி என்றால் விடி-எக்ஸ், ஏ.எம்.டி. என்றால் எஸ்.வி.எம். என்ற வன்பொருள் வசதி (விர்ச்சுவல் மெஷினை வேகமாக ஓட்ட உதவுவது) இயக்கத்தில் இருக்க வேண்டும். சில லேப்டாப்களில் இது அணைத்தபடியே வருகிறது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவைத் தொட்டால், விர்ச்சுவலைசேஷன் இயங்குகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அது சரியாக இருந்தும் உபுண்டு தவழ்கிறதா? அந்த விண்டோவின் கீழ்ப்பட்டையில் பச்சை ஆமைச் சின்னம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால், விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் விர்ச்சுவலைசேஷன் அடுக்கான ஹைப்பர்-வி அந்த வன்பொருள் வசதியைத் தன் கையில் எடுத்துக்கொண்டது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் வழியாகச் சுற்றிப் போகிறது என்று பொருள். ஹைப்பர்-வியை நீங்கள் இயக்கியே இருக்க மாட்டீர்கள். டபிள்யூ.எஸ்.எல். 2 (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி), டாக்கர் (மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் கருவி), விண்டோஸ் பாதுகாப்பில் உள்ள மெமரி இன்டக்ரிட்டி (தீய நிரல் விண்டோஸின் மையத்துக்குள் நுழையாமல் காப்பது) ஆகியவை பின்னணியில் அதை எழுப்பியிருக்கும். இணையத்தில் பலரும் ‘எல்லாவற்றையும் அணைத்துவிடு’ என்பார்கள். மெமரி இன்டக்ரிட்டியை அணைத்தால் பாதுகாப்பில் ஓர் அடுக்கு போகிறது என்பதையும் யோசியுங்கள். டாக்கர் தினமும் தேவைப்படுபவர் உபுண்டுவை டபிள்யூ.எஸ்.எல்.லிலேயே வைத்துக்கொள்வது மேல் என்பேன்.

அடுத்தது ராம். 8 ஜிபி உள்ள கணினியில் 6 ஜிபியை உபுண்டுவுக்குக் கொடுப்பது பெருந்தன்மைபோலத் தெரியும். மிச்சம் 2 ஜிபியில் விண்டோஸ் மூச்சுத் திணறி டிஸ்க்கைக் கடன் கேட்கும், அப்புறம் இரண்டுமே நகராது. பாதிக்கு மேல் தராதீர்கள். உபுண்டு டெஸ்க்டாப்புக்குக் குறைந்தது 4 ஜிபியாவது வேண்டும். அதற்கும் இடமில்லை என்றால், உபுண்டுவின் இலகுவான வகையான லுபுண்டு போடலாம். செயலியிலும் அப்படித்தான்: 4 கோர் இருந்தால் 2 போதும்.

அதிகம் அழ வைப்பது ஸ்னாப்ஷாட், அதாவது மெஷினின் அப்போதைய நிலையைப் பதிந்து வைத்து, பிறகு அதற்கே திரும்ப உதவும் வசதி. அதைப் பலர் பேக்கப் என்று நம்புகிறார்கள். ஸ்னாப்ஷாட் எடுத்ததும் பழைய டிஸ்க் கோப்பு அப்படியே உறைந்துவிடும், அதன்பின் மாறுவதெல்லாம் புதுக் கோப்பில் எழுதப்படும். அடுத்த ஸ்னாப்ஷாட்டுக்கு இன்னொரு கோப்பு. எல்லாம் ஒன்றை ஒன்று நம்பியிருக்கும் சங்கிலி. ‘இவ்வளவு இடம் அடைக்கிறதே’ என்று ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் நடுவில் ஒன்றை அழித்தால், அதற்குப் பிந்தையவை எதுவும் திறக்காது. விர்ச்சுவல்பாக்ஸுக்குள்ளிருந்துதான் நீக்க வேண்டும். நீக்கும்போது கோப்புகளை ஒன்றிணைக்கக் கூடுதல் இடம் கேட்கும், அதனால் சி டிரைவ் நிரம்பும்வரை காத்திருக்காதீர்கள். உண்மையான பேக்கப் வேண்டுமென்றால், மெஷினை முழுதாக அணைத்து ஏற்றுமதி செய்து, வெளி டிஸ்க்கில் வையுங்கள்.

தேவைக்கேற்ப வளரும் டிஸ்க்கைத் தேர்ந்தவர்கள், உபுண்டுவுக்குள் 10 ஜிபி அழித்தால் விண்டோஸிலும் 10 ஜிபி திரும்பும் என்று எதிர்பார்ப்பார்கள். வராது. அந்தக் கோப்பு தானாக வளரும், தானாகச் சுருங்காது.

உபுண்டுவில் வெப் சர்வர் ஓட்டிவிட்டு விண்டோஸ் பிரவுசரில் உபுண்டு காட்டும் 10.0.2.15 என்ற முகவரியைத் தட்டி ஏமாறுபவர்கள், நெட்வொர்க் நாட் (NAT) முறையில், அதாவது வெளியிலிருந்து உபுண்டுவை நேரடியாக எட்ட முடியாத முறையில், இருப்பதைக் கவனிக்கவில்லை. போர்ட் ஃபார்வர்டிங் (விண்டோஸின் ஒரு போர்ட்டுக்கு வருவதை உபுண்டுவுக்குத் திருப்பிவிடுவது) வைக்கலாம், அல்லது பிரிட்ஜ்டு அடாப்டருக்கு (உங்கள் நெட்வொர்க்கில் உபுண்டுவுக்குத் தனி முகவரி கிடைக்கும் முறை) மாற்றலாம்.

விண்டோஸும் உபுண்டுவும் பகிரும் ஷேர்டு ஃபோல்டர் திறக்க மறுத்தால், கெஸ்ட் அடிஷன்ஸ் (உபுண்டுவுக்குள் நிறுவும் விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருள்) ஏறியிருக்கிறதா, உபுண்டுவில் உங்கள் பயனர் விபாக்ஸ்எஸ்எஃப் (vboxsf) குழுவில் இருக்கிறாரா என்று பாருங்கள். சந்தேகமான கோப்பைச் சோதிக்கத்தான் மெஷின் வைத்திருக்கிறீர்கள் என்றால் அந்த ஃபோல்டரே வேண்டாம். உள்ளே ஒரு ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய நிரல்) ஓடினால், எழுதும் அனுமதியுள்ள ஷேர்டு ஃபோல்டர் வழியாக அதில் இருக்கும் உங்கள் விண்டோஸ் கோப்புகளையும் பூட்டிவிடும்.